பச்சைக் கோடு போட்ட எஞ்சின்

அந்த எஞ்சினை முதலில் பார்த்தபோது அது பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணம் முடிந்து, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டை விட்டு வெள்ளவத்தைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கணவர் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். இறக்கின கவனத்தைப் பார்த்து உள்ளே ஏதோ சாமி விக்கிரகம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"இஞ்ச வாரும், ஒண்டு காட்டுறன். ஆனால் தொடக்கூடாது" என்றார்.

பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் துணி. துணிக்குள் ஒரு முழ நீளத் தகரப் பலகையும், அதன்மேல் படுத்த மாதிரி ஒரு பித்தளை உருளையும், ஒரு புகைக்குழாயும், பக்கத்தில் ஒரு சில்லும் இருந்தன. உருளைக்குக் கீழே குட்டி விளக்கு. அதில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்தால் உருளைக்குள் இருக்கிற தண்ணீர் கொதித்து, ஆவி வந்து, சில்லு தானே சுற்றுமாம். விசில்கூட உண்டாம். பழைய சாமான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. பித்தளை மங்கிக் கபில நிறமாகக் கிடந்தது. நடுவில் உருளையைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது.

"என்னத்துக்கு இது?" என்று கேட்க ஆசை. கேட்கவில்லை. அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்துக் கதைக்கவே எனக்கு வெட்கம். யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று தேத்தண்ணீர்த் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுவேன். மாமி, அதாவது அவருடைய அம்மா, "உனக்கு வாய் இருக்கோ, இல்லாட்டி அதையும் சீதனத்தோட உங்கட வீட்டில வைச்சிட்டு வந்தனியோ?" என்று கேட்பார்.

நான் கேட்காவிட்டாலும் அவர் சொன்னார். அவர் கொழும்புக் கோட்டையில் ஏற்றுமதிக் கொம்பனி ஒன்றில் கிளாக்கர். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் ஒரு ஜெர்மன் துரை. யுத்தம் தொடங்கினதும் கொழும்பில் இருந்த ஜெர்மன்காரர்களையெல்லாம் பொலிஸ் பிடித்துத் தியத்தலாவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனது. துரையைப் பிடிக்க வந்தபோது, வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் சீல் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, அவர் இந்தப் பெட்டியை மட்டும் என் கணவரிடம் கொடுத்திருக்கிறார். அது துரை சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளையாடின எஞ்சின். துரையின் மனைவி, துரைசானி, இந்த ஊரில் பிறந்த பறங்கிப் பெண். அவர் மலைநாட்டில் தமையன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"நான் திரும்பி வரும்வரைக்கும் இது உம்மட பொறுப்பு எண்டு சொன்னவர். எத்தினை இங்கிலீசுக்காரன், எத்தினை பெரிய ஆக்கள் அவருக்குப் பழக்கம். என்னட்டைத் தந்தவர்" என்றார் என் கணவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

அவர் அந்த எஞ்சினை ஒருநாளும் ஓட்டவில்லை. ஒரு நத்தார்ப் பண்டிகைக்குத் துரை வீட்டில் கிளாக்கர்மார் எல்லாருக்கும் ஓட்டிக் காட்டினபோது துரை இவரை விசில் அடிக்கவிட்டாராம். அந்த விசில் எப்படிக் கேட்டது என்று வாயால் ஊதிக் காட்டுவார். "ஒருக்கா ஓட்டிப் பாருங்கோவன்" என்று நான் துணிந்து சொன்னபோது, "ஆரின்ரையோ சாமானுக்கு நெருப்பு வைக்க நான் ஆர்?" என்றார்.

மாமிக்கு அது வீட்டில் இருப்பதே பயம்.

"உந்தச் சனியனை வைச்சிரு. ஒருநாளைக்குப் பொலிஸ் வந்து எங்களையும் தியத்தலாவைக்குக் கொண்டுபோகட்டும். அங்க குளிராம், எனக்குச் சால்வை ஒண்டு வாங்கி வை."

பிறகு ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். ஊர் முழுக்க ரயிலேறி ஓடினது. நாங்களும் யாழ்ப்பாணத்துக்கு ஓடினோம். மாமியின் அலுமாரி, ஆட்டுக்கல், என் சீதனக் கட்டில் எல்லாம் வெள்ளவத்தையில் கிடந்தன. மரப்பெட்டியை ரயிலுக்குள் ஏற்ற இடமில்லை. அவர் எஞ்சினை மட்டும் எடுத்துக் கம்பளியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரயில் பெட்டிக்குள் மூச்சுவிட இடமில்லாத சனம். எதிரே இருந்த ஒரு மனுசி கம்பளியைப் பார்த்து,

"தம்பி, பிள்ளையின்ர முகத்தைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ. மூச்சுத் திணறப்போகுது" என்றார்.

"இது பித்தளைப் பிள்ளை அக்கா. மூச்சு விடாது."

சுற்றி இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். மாமி மட்டும், "நான் பேரப்பிள்ளை கேட்டனான். இவன் பித்தளையில பெத்து வைச்சிருக்கிறான்" என்றார். எனக்கு யன்னலுக்கு வெளியே குதிக்கலாம் போல் இருந்தது.

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். மரப்பெட்டியைக் கறையான் தின்றிருந்தது. எஞ்சினை எங்கே வைப்பது என்று வந்தபோது மாமிதான் வழி சொன்னார். "சாமியறையில வை. பொலிஸ்காரன் எண்டாலும் சாமியறைக்க சப்பாத்துக் காலோட வரமாட்டான்." அப்படித்தான் அது குத்துவிளக்குகளுக்குப் பின்னால், மணிக்கும் கற்பூரத் தட்டுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பழைய வேட்டித் துண்டு ஒன்றால் மூடியிருந்தது.

அந்த வருசம் நவராத்திரி வந்தது. பூசைக்கு முன்னம் சாமியறைப் பித்தளையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவவேண்டும். மாமிக்கு இடுப்பு வருத்தம். நான்தான் கிணற்றடியில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். பழப்புளியைக் கரைத்து, சாம்பலும் செங்கல் தூளும் சேர்த்து, தேங்காய்த் தும்பால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். குத்துவிளக்கு முடிந்தது. மணி முடிந்தது. செம்பு, தட்டு, தூபக்கால் எல்லாம் முடிந்தன. கடைசியில் அது இருந்தது.

தொடக்கூடாது என்று அவர் சொன்னது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் அது ஓட்டிப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னது என்று நினைத்தேன். எல்லாப் பித்தளையும் வெயிலில் பளபளவென்று மின்ன, அது ஒன்று மட்டும் கறுத்துக் கிடந்தது. துரை நாளைக்குத் திரும்பி வந்தால், இவ்வளவு காலம் வைத்திருந்தவன் வீட்டில் ஒரு பெண்பிள்ளை இல்லையா, களிம்பு பிடிக்க விட்டுவிட்டார்களே என்று நினைப்பாரே. என் கணவருக்கல்லவா வெட்கம்.

மேலே ஏதோ மெழுகு பூசினமாதிரி இருந்தது. புளி பட்டும் இலேசில் விடவில்லை. செங்கல் தூளைக் கூட்டிப் போட்டேன். உருளையின் நடுவில் இருந்த பச்சைதான் என்னை மிகவும் கஷ்டப்படுத்தினது. பித்தளையில் பச்சை பூத்தால் அது களிம்பு, களிம்பு நஞ்சு, ஒரு பொட்டும் விடாமல் எடுக்கவேண்டும் என்றுதான் எங்கள் வீட்டில் பழக்கியிருந்தார்கள். தும்பை மாற்றி மாற்றி, நகத்தால் சுரண்டி, கை எரிய எரியத் தேய்த்தேன். கடைசியில் அது போனது. உருளை தங்கம் மாதிரி வந்தது. நான் ஒருநாளும் எதையும் அப்படிச் சந்தோசமாகத் தேய்த்ததில்லை. புகைக்குழாயில் பொன்னிறத்தில் ஏதோ எழுத்துக்கூட இருந்தது. அதுவும் போனது.

சாமியறையில் கொண்டுபோய் வைத்ததும் மாமி பார்த்தார். "அட, உவ்வளவு வடிவோ இது! இதுவும் ஒரு ஆயுதம்தானே" என்று சொல்லி, தன் கையாலேயே அதற்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துவிட்டார்.

அவர் கந்தோரில் வேலை முடிந்து வந்து, கால் கழுவிவிட்டுச் சாமியறைக்குள் போனார். நான் அவர் கூப்பிடுவார் என்று குசினி வாசலில் நின்றேன். கூப்பிடவில்லை. போய்ப் பார்த்தேன். நிலத்தில் இருந்து எஞ்சினை மடியில் வைத்துப் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீரே கழுவினீர்?"

"ஓம்."

"எதால?"

"புளியால. சாம்பலால." செங்கல் தூளைச் சொல்லப் பயமாக இருந்தது.

"இதில ஒரு பச்சைக் கோடு இருந்ததே."

"களிம்பு எண்டு நினைச்சன்."

அவர் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருளைக்குள் போயிருந்த தண்ணீர் சளசளவென்று சத்தம் போட்டது. அதைக் கவிழ்த்து ஊற்றினார். புளித் தண்ணீர் அவருடைய வெள்ளை வேட்டியில் சிந்தினது.

"என்ர சாமான் எண்டால் பரவாயில்லை" என்றார். "சரி. அவர் வரட்டும். நான் சொல்லுறன்."

அவ்வளவுதான். ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன், மாமி நடுவில் வந்திருப்பார், எல்லாம் ஒரு நாளோடு முடிந்திருக்கும். அவர் அடுத்த நாளிலிருந்து தையல் மெசின் எண்ணெயை எடுத்து, துருப்பிடிக்கத் தொடங்கின இரும்புக் கம்பிகளுக்கும் பித்தளைக்கும் ஒரு கோழியிறகால் பூசிக்கொண்டிருந்தார். அவர் பூசும்போது நான் அந்தப் பக்கம் போவதில்லை.

யுத்தம் முடிந்தது. தியத்தலாவையில் இருந்த ஜெர்மன்காரர்களை இடையிலேயே இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அங்கிருந்து துரையை அவருடைய ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். இனி இலங்கைக்கு வரமுடியாதாம். துரைசானி மலைநாட்டிலிருந்து இறங்கி, கொட்டாஞ்சேனையில் தாய் வீட்டில் இருந்துகொண்டு, தானும் அவரிடம் போவதற்குக் கப்பலுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை வாங்க வருகிறேன் என்று ஆள் சொல்லி அனுப்பினார்.

வருகிற நாளில் என் கணவர் கோட்டுப் போட்டுக்கொண்டார், வீட்டுக்குள். மாமி நல்ல கோப்பைகளை எடுத்துத் தந்தார். எஞ்சினை விறாந்தைக்குப் பக்கத்து அறை மேசையில் வைத்து, நான் பின்னின பூப்போட்ட துணியால் மூடி வைத்தோம். துரைசானி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். தொப்பி போட்டிருந்தார். நான் வழமைபோலக் கதவுச் சீலைக்குப் பின்னால்.

இங்கிலீசில் கதைத்தார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். இங்கிலீசில் நிறங்களும் மிருகங்களும் கொஞ்சம் சொல்லித் தந்தார்கள். அதனால் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. துணியை எடுத்த பிறகு துரைசானி எஞ்சினைக் குனிந்து பார்த்தார். பிறகு "கிறீன்" என்று ஒரு சொல் கேட்டது. திரும்பவும், "கிறீன்". அது எனக்குத் தெரிந்த சொல்.

என் கணவர் ஏதோ சொன்னார். "வோஷ்" என்று சொன்னதுபோல் இருந்தது. யார் கழுவினது என்று அவர் சொல்லவில்லை என்பது அவருடைய குரலிலேயே தெரிந்தது. துரைசானியின் குரல் உயர்ந்தது. பிறகு என் கணவர் எனக்குச் சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன்: ஜெர்மன் பூச்சு கழுவினால் போகாது, இது தன் கணவருடைய எஞ்சின் இல்லை, நல்லதை விற்றுவிட்டு வேறு ஒன்றைப் புதுப் பித்தளையாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் துரைசானி சொன்னது. அப்போது எனக்கு அது ஒன்றும் தெரியாது. என் கணவர் ஒரு குற்றவாளிபோல் எழுந்து நிற்பது மட்டும் சீலை இடுக்கால் தெரிந்தது.

நான் வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. என்னிடம் இங்கிலீசு இல்லை. ஆனால் சிங்களம் கொஞ்சம் இருந்தது. மீன்காரனோடும் மரக்கறிக்காரியோடும் பழகின சிங்களம். பறங்கிப் பெண்ணுக்குச் சிங்களம் தெரியாமல் இருக்காது. கழுவினது நான், அவர் இல்லை. அவ்வளவுதானே சொல்லவேண்டும்.

"நோனா, மமய் ஹெதுவே" என்றேன். "மாத்தயா நெவெய்."

துரைசானி என்னைப் பார்த்தார். "ஓயாத ஹெதுவே?" என்று, நீயா என்பதுபோல், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"ஓவ் நோனா. மமய்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, என் கணவரிடம் இங்கிலீசில் ஒரு வசனம் சொல்லிவிட்டு, எஞ்சினை எடுக்காமல், தேத்தண்ணீரைத் தொடாமல் போய்விட்டார். ரிக்‌ஷா ஒழுங்கையை விட்டுக் காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறும்வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை.

"நீர் என்ன சொன்னீர் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்றார் அவர்.

"நான்தான் கழுவினது, நீங்கள் இல்லை எண்டு சொன்னனான்."

"இல்லை. நான்தான் செய்தது, அவர் இல்லை எண்டு சொன்னனீர். ஹேதுவே எண்டால் கழுவினது. ஹெதுவே எண்டால் செய்தது. உந்தப் போலி எஞ்சினை நாங்கள் ஆரையோ கொண்டு செய்விச்சு வைச்சிருக்கிறம் எண்டு நீர் ஒப்புக்கொண்டிட்டீர்." கதிரையில் உட்கார்ந்தார். "போகேக்க அவ என்ன சொன்னவ தெரியுமோ? உம்மை விட உம்மட மனுசிக்கு நேர்மை இருக்கு எண்டு சொன்னவ."

குறிலும் நெடிலும். அரிவரியில் ரீச்சர் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லித் தந்தது அதைத்தான்.

மாமி கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "ஆறு வருசமாய் வாய் திறக்காதவள். திறக்க இண்டைக்கே நாள் பார்த்தவள்?" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு நல்ல காலம் இல்லை. துரைசானி கொம்பனியில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். கதை மேசைக்கு மேசை போனது. "ஓய், உம்மட மனுசி எத்தினை எஞ்சின் செய்தவ? கவண்மேந்துக்கு ரயில் பத்தாதாம், ஒரு ஓடர் குடுக்கட்டோ?" என்று கேட்டார்களாம். அதை அவர் மாமியிடம் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை. நான் குசினியிலிருந்து கேட்டேன். சாப்பாட்டுக் கோப்பையில் பாதியை மிச்சம் விட்டுவிட்டு எழும்பத் தொடங்கினார். போய் விளங்கப்படுத்து என்று மாமி சொன்னால், "என்னத்தைச் சொல்லுறது? கள்ளன் வந்து தான் கள்ளன் இல்லை எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?" என்பார். துரையின் பேரை அவர் வாயால் சொல்வதே நின்றுபோனது. ஆறு வருசமாக ஒரு பிள்ளையைத் தூக்கித் திரிந்த மாதிரித் திரிந்தவர். அவரைக் கள்ளனாக்கினது என் கையும் என் வாயும்.

எங்கள் ஒழுங்கைக்குக் கீரை கொண்டுவருகிற ஒரு சிங்கள மனுசி இருந்தாள். ஒருநாள் அவளை நிறுத்தி, என் கைலேஞ்சித் துணியைத் தேய்த்துக் காட்டி, இதற்கு என்ன சொல்லவேண்டும் என்று கேட்டேன். பிறகு நான் சொன்ன சொல்லையும் சொன்னேன். அவள் கீரைக்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கெயக் ஹெதுவா. ரெதி ஹேதுவா" என்றாள். வீடு கட்டினது அது, துணி தோய்த்தது இது. "ஹே... ஹே..." என்று ஆட்டைக் கூப்பிடுகிறமாதிரி இழுத்து, என்னையும் இழுக்கச் சொன்னாள். புளிக்கும் துருவுக்கும் பச்சைக்கும் சொல் கேட்டு வைத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியிடம் சொன்னேன். அதுவரைக்கும் நான் தனியே ரயிலேறினதில்லை. எஞ்சினைப் பனையோலைக் கூடைக்குள் வைத்து, மேலே சேலையொன்றை மடித்துப் போட்டு, வெள்ளவத்தை ஸ்டேசனில் ஏறினேன். கோட்டை வரைக்கும் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு ஹேதுவே, ஹேதுவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த கிழவர் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் தள்ளி இருந்தார்.

துரைசானியின் தாய் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சின்னப் பிள்ளையில் அந்த மதிலடியால் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். படலையைத் திறந்து உள்ளே போனது அன்றைக்குத்தான். துரைசானி விறாந்தையில் பிரம்புக் கதிரையில், வீட்டுச் சட்டையோடு, தலை விரித்தபடி இருந்தார். தொப்பி இல்லாமல் பார்க்க நடுத்தர வயசு மனுசி ஒருத்திதான். என்னைப் பார்த்ததும் முகம் சுழித்தார். நான் நின்றபடியே, கூடையை இறக்காமலே சொன்னேன்.

"நோனா, ஹேதுவே. மம ஹேதுவே. ஹெதுவே நெவெய்."

அவருக்கு விளங்கவில்லை. நான் கூடையை இறக்கி, எஞ்சினை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பால் தேய்த்துத் தேய்த்துக் காட்டினேன். சியம்பலா, அதாவது புளி, என்றேன். பச்சையைத் துரு என்று நினைத்தேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சொல் அவருக்கு அப்போதுதான் விளங்கினது என்று நினைக்கிறேன்.

உள்ளே போய் ஒரு சின்னத் திருகாணிச் சாவி கொண்டுவந்தார். உருளையைத் தகரப் பலகையோடு பிடித்திருந்த ஒரு மெல்லிய தகடு உண்டு. இரண்டு ஆணியைக் கழற்றி அதைத் தூக்கினார். தகட்டுக்குக் கீழே, என் தும்பு போகாத இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை இருந்தது. கையால் பூசின பச்சை. ஒரு பக்கம் தடிப்பாக, ஒரு பக்கம் மெல்லிசாக, கோணலாகப் போன கோடு. களிம்பு இல்லை. கண் உள்ள யாருக்கும் அது களிம்பு இல்லை என்று தெரியும்.

"அதுதான்" என்றார். "அவருடையதுதான்."

என் கணவர் கள்ளன் இல்லை என்று இனி எல்லாருக்கும் தெரியும். நான் படியில் குந்திவிட்டேன். துரைசானி எனக்கு விளங்கவேண்டுமென்று சிங்களத்தில் மெதுவாகக் கதைத்தார். விளங்கினதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இவருக்கும் பெரியப்பாவின்ர மகனுக்கும் ஒரு நத்தாருக்கு ஒரே மாதிரி எஞ்சின் ரெண்டு வாங்கிக் குடுத்திருக்கினம். எது ஆருடையது எண்டு ரெண்டு பேரும் ஒரே சண்டை. இவரின்ர தகப்பன் முந்தின யுத்தத்தில இருந்து லீவில வந்து நிண்டவர். திரும்பிப் போற அண்டைக்கு யன்னலுக்கு அடிச்ச பெயின்றை எடுத்து, பச்சைக் கோடு போட்டது உன்ரை எண்டு சொல்லி இதுக்குக் கோடு போட்டுக் குடுத்தவர். பிறகு அவர் வரேல்லை."

நான் அந்தக் கோட்டைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

"எஞ்சின் கடையில வாங்கலாம். அந்தக் கோடுதான்..." என்று நிறுத்தினார். பிறகு என்னைக் கோபமில்லாமல் பார்த்து, "நீங்கள் அதை வித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்" என்றார். "எங்கையோ ஒரு வீட்டில அது அப்பிடியே இருந்திருக்கும். தேடிப் பார்த்திருக்கலாம்."

தகட்டைத் திரும்ப வைத்து ஆணியை முடுக்கினார். போகும்போது என் தோளில் கை வைத்து, உன் கணவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல், கந்தோருக்கும் நானே சொல்கிறேன் என்றார். நல்ல மனுசி. எஞ்சின் அவருடைய மேசையில் வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. நான் தேய்த்த தேய்ப்பு அவ்வளவு காலத்துக்குப் பிறகும் மங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் படலையில் நின்றார். கூடை வெறுமையாக இருப்பதைப் பார்த்தார்.

"எங்க அது?"

"நோனாவிட்டைக் குடுத்திட்டன். நம்பிட்டா. உங்களிட்ட மன்னிப்புக் கேட்டவ. ஒஃபீசுக்கும் சொல்லுவாவாம்."

அவர் படலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு, "அம்மா! அம்மா, இஞ்ச வாங்கோ! உங்கட மருமகள் என்ன செய்துபோட்டு வந்திருக்கிறா எண்டு பாருங்கோ!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கிறமாதிரிக் கத்தினார். நான் அவரை அப்படிச் சந்தோசமாகப் பார்த்ததே இல்லை.

"அந்தப் பச்சைக் கோடு" என்று தொடங்கினேன்.

"அது போனது போனதுதானே. அறியாமல் செய்தது."

"இல்லை, அது துரையின்ர தகப்பன்..."

"பிறகு சொல்லும். முதல்ல எப்பிடித் தனியப் போனனீர்? ஆரிட்டை வழி கேட்டனீர்?"

இரவுச் சாப்பாட்டின்போது திரும்பச் சொன்னேன். அந்தமுறை முழுக்கச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டார். "பாவம்" என்றார். பிறகு பருப்பைக் கொஞ்சம் கூட விடச் சொன்னார். நெடுநாளைக்குப் பிறகு கோப்பையில் ஒன்றும் மிச்சம் விடவில்லை. அவருக்குத் தான் கள்ளன் இல்லை என்றதற்கு மேலே வேறொன்றும் காதில் ஏறவில்லை. ஏறாததற்கு நான் அவரைக் குறை சொல்ல ஏலாது.

அடுத்த ஞாயிறு கந்தோர்க் கூட்டாளிகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்தான் கூப்பிட்டிருந்தார். வடை சுட்டேன். தட்டைக் கதவடியில் வாங்காமல், "இண்டைக்கு நீரே கொண்டுவாரும்" என்று சொல்லிவிட்டார். நான் போனதும் எழுந்து நின்று,

"இவதான் அந்த எஞ்சின் செய்தவ!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். "தங்கச்சி, அடுத்ததாய் ஒரு கப்பல் செய்யுங்கோ, லண்டன் போவம்" என்றார் ஒருவர். மாமிகூடக் குசினிக்குள் நின்று சிரித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வருசம், வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் அந்தக் கதையைச் சொன்னார். குறிலும் நெடிலும், ரயிலில் பித்தளைப் பிள்ளை, கிழவர் தள்ளி இருந்தது, எல்லாம் வரும். கோடு போட்ட தகப்பன் வரமாட்டார். அது பகிடிக் கதை. அந்த இடத்தை அதற்குள் வைக்க முடியாது.

அந்த ஞாயிறு சிரித்து ஓய்ந்தபிறகு ஒருவர் கேட்டார்.

"அப்ப துரைக்கு எஞ்சின் போய்ச் சேரும் என்ன?"

"சேராமல்? நோனா கையோட கொண்டுபோவா" என்றார் என் கணவர். "பெட்டியைத் திறந்து பார்த்தால் மனுசன் எவ்வளவு சந்தோசப்படும், என்ன?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தட்டு என் கையில் இருந்தது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.